ஹபீபாவின் கொல்லை ஆந்தை

எனக்கு எழுபத்திரண்டு வயது முடிந்துவிட்டது. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. அந்த எட்டில் இரண்டு என் கொழுந்தனார் பிள்ளைகள். இன்னொன்று என் தங்கை ஹபீபா. எங்கள் உம்மா மவுத்தானபோது எனக்குப் பதினொன்று, அவளுக்கு ஆறு. அதற்குப் பிறகு அவள் தலைக்கு எண்ணெய் வைத்தது, பேன் பார்த்தது, ஓத அனுப்பியது எல்லாம் நான்தான். பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்போடு நின்றதும் அதனால்தான். இந்த நோட்டில் எழுத்துப் பிழை இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். நான் வளர்த்த எட்டில் ஒன்றுகூட ஒரு நாளும் பசியோடு படுத்ததில்லை.

இப்போது அந்த எட்டுப் பேரில் ஒருவரும் என் வீட்டில் இல்லை. இரண்டு பேர் சிங்கப்பூர், ஒருவன் கத்தார், இரண்டு பேர் சென்னை, ஒருத்தி சிதம்பரம், ஒருவன் மண்ணுக்குள். ஹபீபா இலங்கையில்.

எங்கள் பரங்கிப்பேட்டையில் எங்களைப் போன்ற குடும்பங்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வாப்பா எங்கள் இருவருக்கும் வீட்டை இரண்டாகப் பிரித்தார். கீழ்ப்பாதி எனக்கு, மேல்பாதி ஹபீபாவுக்கு. ஆனால் அவளுக்கு வாய்த்தவர் இலங்கை இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்தவர். கடையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்றார். பதினெட்டு வயதில் கப்பல் ஏறிப் போனாள். ஏறக்குறைய ஐம்பது வருஷமாக மேல்பாதி பூட்டிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் நான் திறந்து பெருக்கிவிட்டுப் பூட்டுவேன்.

அவள் மாப்பிள்ளை மவுத்தாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. காட்டோரமாக ஒரு வீடும் அரை ஏக்கரும் வைத்துக்கொண்டு அவள் அங்கேயே இருந்துவிட்டாள். போன மழைக்காலத்தில் பின்வாசல் படியில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறாள். அதை எனக்கு இரண்டு மாதம் கழித்து, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னாள். அன்றே முடிவு செய்துவிட்டேன். மகன்கள் போனில் பேசிப் பாருங்கள் என்றார்கள். பிள்ளையை அழைத்து வர வேண்டுமென்றால் வளர்த்தவள்தான் போக வேண்டும். மேல்பாதிக்கு வெள்ளையடித்து, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

விமானத்தில் என் பக்கத்தில் இருந்தவர் தூங்கினார். நான் தூங்கவில்லை. கீழே கடலைப் பார்த்தால் நம் பக்கத்துக் கடல் மாதிரியேதான் இருந்தது. இறங்கியதும் ஒரு அதிகாரி என் டப்பாவைத் திறக்கச் சொன்னார். பரங்கிப்பேட்டை அல்வா. முகர்ந்து பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார். ஒரு துண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வேலை நேரம் என்று சிரித்தார். நல்ல வளர்ப்பு.

பஸ்ஸில் பாதி வழியில் மரம் விழுந்து கிடந்தது. எல்லோரும் இறங்கி மழையில் ஒரு கடைக்குள் ஒதுங்கினோம். பால் இல்லாத தேயிலையும், கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுத்தார்கள். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேயிலையைக் குடிக்க வேண்டுமாம். எதிரே இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் எனக்குச் சொன்னார்: இந்த வயதில் இவ்வளவு பெரிய டப்பாவோடு யாரைப் பார்க்கப் போகிறார் என்று ஒருத்தி கேட்டாளாம். மகளைப் பார்க்கத்தான், வேறு யாருக்காக இப்படி வருவார்கள் என்று மற்றவள் சொன்னாளாம். தங்கச்சி என்று திருத்த வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அவள் சொன்னதும் தப்பில்லை.

ஹபீபா குடையோடு ரோட்டில் நின்றாள். என் தோள் உயரம் இருந்தவள் இப்போது என் நெஞ்சு உயரம்கூட இல்லை. முதுகு வளைந்துவிட்டது. கட்டிக்கொண்டோம். பிறகு, சின்னதில் அக்காவைக் கூப்பிட்ட அதே குரலில் அவள் சொன்னது இதுதான்.

"லாத்தா, காலைப் பாரு. அட்டை ஏறுது."

அட்டையென்றால் நமக்கு வீராணம் வாய்க்காலில் இறங்கினால்தான். அங்கே புல்லில், இலையில், காற்றில்கூட இருக்கும்போல. வீட்டுக்குப் போய்ப் புடவையை உதறினால் ஐந்து விழுந்தது. ஹபீபா எந்தப் பதட்டமும் இல்லாமல் உப்பைத் தூவினாள். ராச்சோற்றுக்குச் சிவப்பரிசி, தேங்காய்ச் சம்பல், பலாக்காய்க் கறி. பண்ருட்டிப் பலா பழுக்கும்வரை நாம் காத்திருப்போம். அவர்கள் பிஞ்சிலேயே வெட்டி மிளகாய்த்தூள் போட்டுக் கறியாக்கிவிடுகிறார்கள். இறைச்சி மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டேன், அவளுக்குப் புரிந்திருக்கும்.

மறுநாள் வெளிச்சத்தில் கொல்லையைப் பார்த்தபோது என் மனம் பொறுக்கவில்லை. எங்கள் ஊரில் மணல் கொல்லை. விடிந்ததும் ஈர்க்குமாறு போட்டால் கோடு கோடாக விழும். பெருக்காத கொல்லையைக் கண்டால், அந்த வீட்டில் பெண் படுத்துவிட்டாள் என்று தெருவில் பேசுவார்கள். ஹபீபாவின் கொல்லையில் கால் வைக்க இடம் இல்லை. படியிலிருந்து பத்தடியில் பெரணிச் செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. மேலே பச்சை, உள்ளே போன வருஷத்துச் சருகு, அதற்கும் உள்ளே அதற்கு முந்தின வருஷத்துச் சருகு. அதற்குப் பின்னால் நேரே காடு. நம் பிச்சாவரம் காட்டில் தண்ணீராவது தெரியும், வானமாவது தெரியும். இந்தக் காட்டில் பகலிலும் உள்ளே இருட்டு. எப்போதும் எங்கோ சொட்டிக்கொண்டே இருக்கிறது.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். வெள்ளையடித்ததைச் சொன்னேன். கம்பி வைத்ததைச் சொன்னேன். அவள் மறுக்கவும் இல்லை, சரியென்றும் சொல்லவில்லை. இங்கே ஒரு ஆள் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எப்படி வருவது என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் என்று கேட்டேன். மஃரிப் தொழுதுவிட்டு உட்கார், தெரியும் என்றாள்.

தொழுதுவிட்டுப் பின்வாசலில் உட்கார்ந்தோம். வெளிச்சம் போகிற நேரம். அந்தப் பெரணிப் புதர்ப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரே ஒரு சத்தம். கதை கேட்கிறவர் 'உம்' கொட்டுவாரே, அவ்வளவுதான். கடைசியில் லேசாக நடுங்கியது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு 'உம்'. பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

"அதுதான் நம்ம ஆளு. ஆந்தை."

எங்கள் ஊரில் ஆற்றங்கரைப் பழைய கிடங்கில் கூகை உண்டு. அது ஒரு வீட்டு மேல் உட்கார்ந்தால் கல்லெறிந்து விரட்டுவார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் வயற்காரர்கள் மட்டும் எலி பிடிக்கட்டும் என்று வயலில் குறுக்குக்கழி நட்டு ஆந்தையைக் கூப்பிடுவார்கள். அது வயல். வீட்டுக்கு ஆகாது. இதைத்தான் நீ காவல் காத்துக்கொண்டிருக்கிறாயா, அது யாரைக் கூப்பிடுகிறது என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"ஆந்தையில சகுனம் இல்லன்னு நம்ம மார்க்கத்துலயே ஈக்குது. ஓத அனுப்புனது நீதானே லாத்தா" என்றாள்.



மூன்றாம் நாள் விடியலில் சுபுஹு தொழுத கையோடு ஒருவர் வந்தார். சோமபால என்று பெயர். அறுபது வயது இருக்கும். ரப்பர் செருப்பு, மடித்துக் கட்டிய சாரம், முழங்கால்வரை சோப்புப் பூச்சு, அட்டைக்கு. காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பறவை காட்டுவது அவர் தொழில். தினமும் விடியுமுன் இந்தக் கொல்லைக்கு வந்து அசையாமல் நிற்பாராம். இந்த ஆந்தை அந்தியில் கொஞ்ச நேரம் கூப்பிடும், விடியுமுன் கொஞ்ச நேரம் கூப்பிடும். விடியலில் கடைசிச் சத்தம் எந்தத் திக்கில் அடங்குகிறதோ, அங்கேதான் பகல் முழுக்கத் தூங்கும். அதைக் காதால் குறித்துக்கொண்டு, வெளிச்சம் வந்ததும் கண்ணால் தேடுவார். அவர் சிங்களத்தில் பேச, ஹபீபா எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

என்னைப் புதர் ஓரமாகக் குனியச் சொன்னார். குனிந்தேன். சருகுதான் இருந்தது. அங்கே பார் என்றாள் ஹபீபா. சருகு. இன்னும் கொஞ்சம் கீழே என்றாள். என் இடுப்பு உயரத்தில், காய்ந்த பெரணிக்கு நடுவே ஒரு காய்ந்த இலை சற்றுத் தடிப்பாக இருந்தது. அது கண்ணைத் திறந்தது.

என் கையில் ஒரு சாண் இருக்கும். அவ்வளவு சின்னது. துருப்பிடித்த இரும்பின் நிறம், அதன்மேல் பூராவும் சின்னச் சின்னக் கறுப்புப் பொட்டு. மற்ற ஆந்தைக்கு இருக்கிற காது மாதிரித் தூக்கிய இறகு இதற்கு இல்லை. மொட்டைத் தலை. வாலும் குட்டை. கண் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறம். பெட்டைக்கு இன்னும் மஞ்சளாக இருக்கும் என்றார். என்னைப் பார்த்துவிட்டு, நான் ஒன்றுமில்லை என்று முடிவு செய்து, மறுபடி மூடிக்கொண்டது.

சோமபால சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். இந்த ஆந்தை உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. இலங்கையிலும் மழை ஓயாத இந்தப் பக்கத்துக் காடுகளில் மட்டும்தான். காட்டுக்காரர்கள் சத்தத்தைக் கேட்டு ஐந்தாறு வருஷம் ஆன பிறகுதான் ஒருவர் கண்ணில் பட்டதாம். அதுவும் அண்மையில்தான், என் மூத்த பேரன் பிறந்த காலம். அதற்கு முன் அந்த நாட்டில் புதிதாக ஒரு பறவையைக் கண்டுபிடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்ததாம். வண்டு, அந்துப்பூச்சி தின்னும். உயரப் பறக்காது, தரையை ஒட்டியே வாழும். ஆணும் பெண்ணும் ஒரே இடத்தை வருஷக்கணக்கில் விடாமல் வைத்திருக்கும். இருபது வருஷமாகத் தேடியும் தான் இன்னும் அதன் முட்டையைப் பார்த்ததில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் வெட்கப்பட்டதுபோல் இருந்தது.

அவர் போன பிறகு ஹபீபா படியில் உட்கார்ந்து, விழுந்த நாளைப் பற்றி முழுதாகச் சொன்னாள். அந்திக்கு முன் விழுந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீடு இல்லை. இரவு முழுக்க மழையில் கிடந்தாள். விடியுமுன் ஆந்தையைத் தேடி வந்த சோமபாலதான் இவளைக் கண்டு தூக்கியிருக்கிறார்.

"அது இங்க ஈக்கிறதாலதான் ஒரு மனுஷர் தினமும் இந்த வீட்டுப் பக்கம் வாராரு. அதுவும் இல்லாட்டி என்னை யாரு லாத்தா தேடுவாங்க?"

நான் தேடமாட்டேனா என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டவள் நான்.

நாலாம் நாள் சோமபால ஒரு வெள்ளைக்காரக் கணவன் மனைவியை அழைத்து வந்தார். இருவரும் என் வயதுதான். கொல்லையில் கால் வைத்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, மூச்சுகூட விடவில்லை. அந்த அம்மா குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு விளங்கவில்லை. கணவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சோமபால அதைச் சிங்களத்தில் சொல்ல, ஹபீபா தமிழில் சொன்னாள்: இவர்கள் இதற்கு முன் இரண்டு தடவை கடல் தாண்டி வந்து பார்க்காமலே திரும்பியிருக்கிறார்களாம். இனி வயதாகிவிட்டது, இதுதான் கடைசி என்று வந்தார்களாம்.

ஹபீபா அவர்களுக்குத் தேயிலை போட்டுக் கொடுத்தாள். அல்வாவை வெட்டிக் கொடுத்தாள். வளைந்த முதுகோடு, ராணி மாதிரி நடந்தாள். அந்த அம்மா போகும்போது அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாசல்கட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பேரை வளர்த்த என் வீட்டுக் கதவை ஒரு வாரத்தில் தட்டுகிறவர் மீன்காரி ஒருத்திதான். அவளும் மீன் வாங்காவிட்டால் நிற்கமாட்டாள்.

இனி ஐந்தாம் நாள்.

ஹபீபா பிரஷர் மாத்திரை வாங்கக் கலவானைக் கடைத்தெருவுக்குப் போனாள். ஆட்டோவில்தான் போனாள், அங்கே அதை த்ரீவீல் என்கிறார்கள். வழியில் சேறு என்று என்னை வரவேண்டாம் என்றாள். மழை விட்டிருந்தது. எனக்கு வேலை இல்லாமல் இருக்கத் தெரியாது. முன்வாசலைப் பெருக்கினேன். கிணற்றடியைத் தேய்த்துக் கழுவினேன். பின்படியில் பாசியைச் சுரண்டினேன், அவள் மறுபடி வழுக்கக்கூடாது என்று. அதுவரை எல்லாம் சரி.

பிறகு சுவரில் மாட்டியிருந்த கத்தியை எடுத்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு நாள் முன்புதான் காலையில் அந்த இடத்தில் குனிந்து நான் அதைப் பார்த்தேன். அன்று காலையும் சோமபால அதே இடத்தைச் சுட்டிக் காட்டிவிட்டுப் போனார். இந்த ஆந்தை இல்லாவிட்டால் இவளுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டேன். சுத்தம் செய்கிறேன் என்று கைக்குச் சொன்னேன். கை நம்பியது. மனம் நம்பவில்லை.

ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டே போனேன். பெரணித் தண்டு காய்ந்த ஈர்க்கு மாதிரி முறியும், பின்னிக்கிடக்கும், இழுத்தால் முழுப்புதரும் அசையும். ஆந்தை அசையவில்லை. அதன் பிழைப்பே அசையாமல் இருப்பதுதான். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு முழம் தள்ளி நான் வெட்டும்போது கண்ணைக் கோடு மாதிரித் திறந்தது. உடம்பைக் குறுக்கி ஒல்லியாக்கிக்கொண்டது. நான் நிறுத்தியிருக்கலாம். அது உட்கார்ந்திருந்த தண்டையும் இழுத்தேன்.

போய்விட்டது. சிறகடிக்கிற சத்தம்கூட இல்லை. இருந்தது, இல்லை, அவ்வளவுதான்.

சருகையெல்லாம் கூட்டி மூலையில் குவித்தேன். ஈர்க்குமாறு போட்டேன். ஈர மண்ணில் கோடு கோடாக விழுந்தது. நம் வீட்டுக் கொல்லை மாதிரியே இருந்தது.

ஹபீபா உச்சி சாய்ந்து லுஹர் நேரத்துக்கு வந்தாள். பின்வாசலில் குடையோடு நின்றாள். மழை இல்லை, குடையை மடக்க மறந்துவிட்டாள். நான் முந்திக்கொண்டு, கொல்லை அடைசலாக இருந்ததே என்று பெருக்கினேன், அந்த ஞாபகமே இல்லாமல் போய்விட்டது என்றேன். சொல்லும்போது என் குரல் நன்றாகத்தான் இருந்தது. அவள் வெகுநேரம் வெட்டிய இடத்தையே பார்த்தாள். பிறகு வந்து என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் வந்திருந்தது.

"என் தலைக்குப் பேன் பாத்த கை. இது சும்மா ஈக்குமா. நீ என்ன செய்வ, லாத்தா, பாவம்" என்று சொல்லித் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

அவள் திட்டியிருந்தால் நான் திரும்பத் திட்டியிருப்பேன். அதோடு முடிந்திருக்கும்.

அன்று அந்தியில் இருவரும் உட்கார்ந்தோம். மஃரிப் முடிந்து இருட்டும்வரை உட்கார்ந்தோம். தவளை கத்தியது, பூச்சி கத்தியது, காடு சொட்டியது. அந்த ஒரு 'உம்' மட்டும் இல்லை. அது இல்லாத காடு எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆறாம் நாள் விடியலில் சோமபால வந்து நின்றார், கேட்டார், ஒன்றும் கேட்கவில்லை. வெளிச்சம் வந்ததும் மண்ணில் விழுந்திருந்த கோடுகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. ஹபீபாவிடம் ஏதோ சொன்னார். அவள் அதை எனக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு பேச்சை மட்டும்தான் அவள் எனக்குத் தமிழாக்கவில்லை. இருவரும் காட்டோரமாகத் தேடினார்கள். நானும் பின்னால் போனேன். காலில் அட்டை ஏறியது. பிடுங்கிப் போடாமலே நடந்தேன். மூன்று இடத்தில் பெரணிப் புதர் இருந்தது. மூன்றிலும் சருகு சருகாகத்தான் இருந்தது.

அன்று சாப்பாட்டில் அவள் சரியாகப் பேசவில்லை. நான் உள்ளுக்குள் காத்திருந்தேன். இனி என்ன இருக்கிறது, வா போகலாம் என்று அவளே சொல்வாள் என்று. வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

ஏழாம் நாளும் அவர் வந்தார், தேடினார், இல்லை. அவர் போன பிறகு நானே கேட்டேன். புறப்படுகிறாயா என்று.

அப்போதுதான் அவள் சொன்னாள். இந்த ஆந்தை வெகுதூரம் போகாதாம், இந்த வட்டாரத்துக்குள்தான் எங்காவது இருக்குமாம். ஆனால் மறுபடி இங்கே வந்து தூங்க வேண்டுமென்றால் பெரணி பழையபடி அடர வேண்டும். பச்சை வந்தால் போதாது, சருகு சேர வேண்டும். அதற்கு மூன்று மழைக்காலம் ஆகும் என்று சோமபால சொல்கிறார். அதுவரை யாரும் அதில் கத்தி வைக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"நான் விட்டுட்டுப் போனா இந்த இடத்தை வாங்குறவன் தேயிலை போட்டுருவான். போன வாரம்னா ஒருவேளை வந்திருப்பேன் லாத்தா. அது பாட்டுக்கு ஈக்குது, சோமபால பாத்துக்குவாருன்னு நெனச்சுக்கிட்டு வந்திருப்பேன். இப்ப எப்பிடி வாறது?"

உன் அப்பாவி முகத்தை வைத்துக்கொண்டு இதை என்னிடம் சொல்கிறாயே என்று நினைத்தேன். விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. ஆந்தை இல்லாத வீட்டுக்கு அந்த மனிதர் எத்தனை நாளைக்கு வருவார் என்று கேட்டேன். தெரியாது என்றாள். பயம் இல்லாத மாதிரித்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டுப் படியைத் திரும்பிப் பார்த்தாள், அதை நான் கவனித்தேன்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அவள் எழுந்து, எனக்கு வழிக்கு என்று தேங்காய் ரொட்டி சுட மாவு பிசையப் போய்விட்டாள்.

எட்டாம் நாள் பஸ் நேரத்துக்கே வந்துவிட்டது. வர வேண்டாம் என்று நினைக்கிற பஸ் எந்த ஊரிலும் நேரத்துக்கே வரும். ஏறி உட்கார்ந்து பார்த்தேன். குடைக்குக் கீழே அவள் சின்னதாக நின்றாள். பக்கத்தில் யாரும் இல்லை. ரொட்டியை வழியில் சாப்பிட முடியவில்லை. விமானத்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கியபோது வெயில் முகத்தில் அடித்தது. டவுன் பஸ் கண்டக்டர், "ஆயா, எங்க போயிட்டு வர்றீங்க, பெட்டியெல்லாம் ஜாஸ்தியா இருக்கு" என்று கேட்டார். தங்கச்சியைப் பார்க்க என்றேன். வரவில்லையா என்று கேட்டார். ஒன்றும் தெரியாத ஆள், பேச்சுக்குக் கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. வெள்ளிக்கிழமை தோறும் மேல்பாதியைத் திறக்கிறேன், பெருக்குகிறேன். அந்தியில் கொல்லையில் உட்கார்ந்தால் கடல் இரைகிறது. அது யார் சொல்வதையும் கேட்டு 'உம்' கொட்டுவதில்லை.

ஹபீபா இரண்டு நாளுக்கு ஒருமுறை போன் செய்கிறாள். முதல் மாதம் சோமபால தினமும் வந்தாராம். இப்போது வாரத்தில் இரண்டு நாளாம். வேறொரு தோட்டத்துப் பக்கம் சத்தம் கேட்கிறதாம், அவர் அங்கே போக வேண்டியிருக்கிறது, பிழைப்பு அல்லவா. பெரணி சுருள் சுருளாக முளைவிட்டிருக்கிறதாம். ஒவ்வொரு தடவையும் போனை வைக்கும் முன் அவளே சொல்கிறாள், நீ அதை மனசில் வைத்துக்கொள்ளாதே, தெரியாமல் நடந்தது என்று. அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை. போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன். அவள் குரலைக் கேட்டதும் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். எழுத்தென்றால் நடுவில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். அதனால்தான் மூன்றாம் வகுப்புப் படித்தவள் இத்தனை பக்கம் எழுதினேன்.

ஷிஃபா, என் பேத்தியே, சிதம்பரத்திலிருந்து நீ வருகிற வெள்ளிக்கிழமை வருவாய். வந்ததும் முதலில் சாப்பிடு. பிறகு உன் சின்ன நன்னி ஹபீபாவுக்குப் போனைப் போட்டு அவளைப் படியில் அல்ல, உள்ளே நாற்காலியில் உட்காரச் சொல். இந்த நோட்டை அவளுக்கு வாசித்துக் காட்டு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். எழுத்துப் பிழையை எல்லாம் திருத்திப் படித்துக்கொள், எனக்கு வருத்தமில்லை. ஐந்தாம் நாள் வரும்போது மட்டும் திருத்தாதே. நன்னிக்கு மானம் போகுமே என்று எந்த வரியையும் தாண்டிப் போகாதே. நான் அழுதாலும் நிறுத்தாதே. அவள் போனை வைத்துவிட்டால், மறுபடி போடு. எடுக்கும்வரை போடு. எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து படி.